பெயருக்குப் பின்னால் நான்கு எழுத்துகள்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஓர் உள்ளூர்ச் சுகாதார அலுவலகத்துக்குள் நுழைந்தால், பலருடைய மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு காகிதம் தொங்குவதைப் பார்க்கலாம். நர்ஸுக்கு மாநில அரசு தந்த லைசென்ஸ். ஓட்டல் சமையலறையைச் சோதிக்கப் போகும் இன்ஸ்பெக்டருக்கு ஒரு லைசென்ஸ். அலுவலகத்தை நடத்தும் ஹெல்த் ஆபீசருக்கும் ஒன்று. ஹெல்த் எஜுகேட்டருக்கு மட்டும் அப்படி எதுவும் கிடையாது. சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பவரும், பள்ளிப் பிள்ளைகளிடம் வேப்பிங் பற்றிப் பேசுபவரும், தடுப்பூசிக்குப் பயந்து ஒதுங்குகிற தாயின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பவரும் அவர்தான். வேலைக்கு எடுக்கும்போது கேட்கப்படும் தகுதிதான் வரம்பு. வெளியே யார் வேண்டுமானாலும் தன்னை ஹெல்த் எஜுகேட்டர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்த இடைவெளிக்குள் ஒரு முழுத் தொழில் வாழ்க்கையை நடத்தியவர் ஒரு பெண். திண்டுக்கல் மாவட்டத்தில் பிறந்து நியூஜெர்சியின் எடிசன் பகுதியில் குடியேறியவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவரிடம் வேலை பழகியவர்கள் கூப்பிடுவதுபோல இங்கும் 'அக்கா' என்றே இருக்கட்டும். பட்டம் முடிக்கப்போகும் மாணவர்கள் அவரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, சோஃபில மெம்பர் ஆகட்டுமா, செஸ் எழுதட்டுமா?" இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்ட அந்த வயதில் கையில் இருக்காது.

சோஃபி என்பது பொதுச் சுகாதாரக் கல்விக்கான சங்கம். 1950-இல் தொடங்கியது. செஸ் என்பது ஒரு தேர்வில் தேறியவர் தன் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் நான்கு ஆங்கில எழுத்து. 'சான்று பெற்ற சுகாதாரக் கல்வி வல்லுநர்' என்பதன் சுருக்கம். அதை வழங்குவது பென்சில்வேனியாவிலிருந்து இயங்கும் என்செக் என்ற தேசிய ஆணையம். சங்கம் வேறு, ஆணையம் வேறு. ஒன்றுக்குச் சந்தா கட்டினால் மற்றொன்று கிடைத்துவிடாது. தொழிலுக்குள் இருப்பவர்களுக்குச் சம்பளம், அடுத்த வேலை, கூட இருப்பவர்களின் துணை எல்லாமே இந்த இரண்டோடும் பின்னிக் கிடக்கின்றன.

அக்கா யோசிக்காமல் சொல்லும் பதில் இது: "முதல்ல பரீட்சைய எழுது. சங்கத்துல மாணவர் சந்தா குறைச்சல், முடிஞ்சா அதையும் கட்டிடு. வேலைக்குப் போனதும் சங்கத்த விட்டுறாத." பதில் சுருக்கமானதுதான். அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்கள் அவருடைய அனுபவத்தில் ஊறியவை.

அவர் இந்தத் தொழிலைக் கற்றது காந்திகிராமத்தில். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் உருவாக்கிய காந்திகிராமத்தில், ஆத்தூர் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு 1959-இல் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. குடும்ப நலச் செய்தியை ஊர் ஊராக எப்படிக் கொண்டுபோனால் மக்கள் கேட்பார்கள் என்று நடந்தே கண்டுபிடித்த திட்டம் அது. அதன் தொடர்ச்சியாக 1964-இல் வந்த ஊரகச் சுகாதார, குடும்ப நல நிறுவனத்தில் சுகாதாரக் கல்விக்கென்றே பட்டயப் படிப்பு உண்டு. படித்துவிட்டு அரசு வேலைக்கு வந்தவருக்கு நியமன ஆணைதான் அடையாளம். வட்டார விரிவாக்கக் கல்வியாளர் என்று ஆணை வந்துவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நாற்காலி உறுதி. ஓய்வு பெறும்வரை அந்தப் பதவிப் பெயர் கூடவே வரும். ஊழியர் சங்கம் இருக்கும். சம்பள விகிதம், இடமாறுதல், பதவி உயர்வு ஆகியவற்றுக்காகப் போராடும். ஒருவர் இந்த வேலைக்குத் தகுதியானவரா என்ற கேள்வி அந்தச் சங்கத்தின் வாசலுக்கு வந்ததே இல்லை. அது அரசின் வேலை.

அமெரிக்காவில் பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் முடித்து வேலைக்குப் போனபோது அவர் கண்டது வேறொரு உலகம். அங்கே இந்தத் தொழிலில் நாற்காலிகள் பெரும்பாலும் மானியத்தில் நிற்கின்றன. மூன்று ஆண்டுக்கோ ஐந்து ஆண்டுக்கோ ஒரு மானியம் வரும். புகையிலைத் தடுப்பு, சர்க்கரை நோய், ஈய நஞ்சு என்று ஏதாவது ஒன்றுக்கு. அது முடிந்தால் நாற்காலியும் முடிந்தது. பதவிப் பெயரும் இடத்துக்கு இடம் மாறும். ஒரே வேலையை ஓர் இடத்தில் 'புரோகிராம் கோஆர்டினேட்டர்' என்பார்கள், இன்னோர் இடத்தில் 'அவுட்ரீச் ஸ்பெஷலிஸ்ட்' என்பார்கள். பதவி அடையாளம் தராத இடத்தில், அடையாளத்தை ஆள்தான் கூடவே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அந்த அடையாளத்தை யார் தருவது என்பதில் ஒரு நெடிய வரலாறு இருக்கிறது. சோஃபி தொடங்கிய காலத்தில் யார் வேண்டுமானாலும் அதில் உறுப்பினராகிவிட முடியாது. பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டமும் அனுபவமும் உள்ளவர்களையே சேர்த்தார்கள். அப்போது உறுப்பினர் என்ற சொல்லே தகுதிச் சான்றாக இருந்தது. சங்கத்தில் இருக்கிறார் என்றால் படித்தவர் என்று பொருள். பிறகு கதவு மெல்ல மெல்லத் திறந்தது. மாணவர்கள், வேறு துறைக்காரர்கள், ஆர்வம் உள்ளவர்கள் எல்லாரும் வரலாம் என்றானது. அது நல்ல மாற்றம். சங்கம் என்பது ஆள் சேரச் சேரத்தான் வலுப்பெறும். ஆனால் கதவைத் திறந்த நாளிலிருந்து உறுப்பினர் அட்டை ஒருவரின் திறமையைப் பற்றி எதையும் சொல்லாமல் போயிற்று. இந்த இடத்தைத்தான் இன்றைய மாணவர்கள் பலர் தவறவிடுகிறார்கள்.

1978 பிப்ரவரியில் மேரிலாந்து மாநிலத்தின் பெதெஸ்டாவில் ஒரு கூட்டம் நடந்தது. பள்ளியில் சுகாதாரம் கற்பிப்பவர், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பவர், ஊருக்குள் போய் வேலை செய்பவர் ஆகிய மூவரும் செய்வது ஒரே தொழிலா, மூன்று தொழில்களா என்பதே அங்கே எழுந்த கேள்வி. சோஃபியின் தலைவராக இருந்த ஹெலன் கிளியரி இதை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர். பொதுவான அடித்தளம் உண்டு என்று அங்கே முடிவானது. அடுத்த பத்து ஆண்டுகள் அந்த அடித்தளம் என்ன என்பதை எழுதுவதிலும், வேலை செய்பவர்களிடம் காட்டிச் சரிபார்ப்பதிலும், பாடத்திட்டமாக மாற்றுவதிலும் போயின. 1988-இல் என்செக் பிறந்தது. 1989-இல் ஏற்கெனவே களத்தில் இருந்த மூத்தவர்களுக்கு அனுபவத்தின் பேரில் சான்று கொடுத்தார்கள். 1990-இல் முதல் தேர்வு நடந்தது.

சங்கமே தேர்வையும் நடத்தியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஆணையத்தைத் தனியாக வைத்ததே அந்தத் தலைமுறை செய்த சிறந்த காரியம் என்பது அக்காவின் உறுதியான எண்ணம். இந்தக் கட்டுரையை எழுதுகிறவரின் எண்ணமும் அதுவே. உறுப்பினர்கள் கூட வேண்டும் என்று நினைக்கும் ஓர் அமைப்பு, தன் உறுப்பினர் ஒருவரைத் தேர்வில் தோற்றுவிட்டார் என்று சொல்லத் தயங்கும். தயங்காவிட்டாலும் வெளியே இருப்பவர் நம்பமாட்டார். சங்கம் நம்மவர் பக்கம் நிற்க வேண்டும். தேர்வு நடத்துகிறவர் நம்மிடம் வந்து நிற்கும் நோயாளியின் பக்கம் நிற்க வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்தால் இரண்டில் ஒன்று கெடும்.

செஸ் தேர்வு எழுத, சுகாதாரக் கல்வியில் பட்டம் இருக்க வேண்டும். அல்லது வேறு பட்டம் பெற்றிருந்தாலும் அந்தத் துறைப் பாடங்களில் 25 செமஸ்டர் மணி படித்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம், 165 கேள்விகள். அவற்றில் 150-க்குத்தான் மதிப்பெண். மீதி 15 எதிர்காலத் தேர்வுக்காகப் பரிசோதிக்கும் கேள்விகள், எவை என்று எழுதுபவருக்குத் தெரியாது. தேவையை அறிதல், திட்டமிடல், நடைமுறைப்படுத்தல், மதிப்பீடும் ஆராய்ச்சியும், கொள்கைக்காகக் குரல் கொடுத்தல், தகவல் தொடர்பு, தலைமையும் நிர்வாகமும், அறநெறி என்று எட்டுப் பகுதிகள். இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பது அதன் போக்கில்லை. ஓர் ஊரில் ஒரு பிரச்சினை இருக்கிறது, கையில் இவ்வளவு பணம் இருக்கிறது, முதலில் என்ன செய்வாய் என்பதுபோல இருக்கும். நான்கு பதில்களும் நல்ல காரியமாகவே தெரியும். எது முதலில் என்பதில்தான் தொழில் தெரிந்தவரும் தெரியாதவரும் பிரிவார்கள்.

அந்த 'முதலில்' எவ்வளவு பெரியது என்பதற்கு அக்காவின் வகுப்பு ஒன்றையே சொல்லலாம். எடிசன் பக்கம் முதியோர் பகல் பராமரிப்பு மையம் ஒன்றில் சர்க்கரை நோய் வகுப்பு. அங்கே கொடுக்கச் சொல்லி வந்திருந்த துண்டுப் பிரசுரத்தில் ஒன்பது அங்குலத் தட்டுப் படம் இருந்தது. பாதித் தட்டில் புரோக்கோலி, கால் தட்டில் கோழி, கால் தட்டில் உருளைக்கிழங்கு. எதிரே உட்கார்ந்திருந்த பாட்டிகளில் பாதிப் பேர் சைவம். எவர்சில்வர் தட்டில் சாதம் போட்டு, குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தவணையாகச் சாப்பிடுகிறவர்கள்.

அக்கா அந்தப் பிரசுரத்தை விநியோகிக்கவில்லை. வடித்த சாதத்தை ஒரு பாத்திரத்தில் கொண்டுபோயிருந்தார். வீட்டில் போட்டுக்கொள்வதுபோலவே தட்டில் போடச் சொன்னார். ஒரு பாட்டி, "நான் ரெண்டு கரண்டிதாம்மா, ரொம்பச் சாப்பிடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போட்டார். அதை அளவுக் கப்பில் மாற்றிப் போட்டபோது இரண்டு கப்பைத் தாண்டியது. வடித்த சாதம் மூன்றில் ஒரு கப் போட்டாலே அதில் 15 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. பாட்டி கப்பையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா எதையும் குறைக்கச் சொல்லவில்லை. "வீட்ல உங்களுக்கு யாரு போடுவாங்க பாட்டி?" என்று கேட்டார். மருமகள் போடுவாளாம். இன்னொருவருக்கு மகன். இன்னொருவருக்கு, மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு தானே. அதற்குப் பிறகு அந்த மையத்தில் வகுப்பு சனிக்கிழமைக்கு மாறியது. கரண்டி பிடிக்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அழைப்பு போனது.

இதைத்தான் தேர்வின் பாஷையில் தேவையை அறிதல் என்கிறார்கள். பாட்டிக்குத் தகவல் குறைவு என்று நினைத்து வகுப்பை நடத்தியிருந்தால் எதுவும் மாறியிருக்காது. முடிவெடுக்கும் ஆள் அந்த வகுப்பறையிலேயே இல்லை. ஆசிய வம்சாவளியினருக்கு உடல் நிறை எண் 23 ஆனாலே சர்க்கரைக்குச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015-இல் பரிந்துரைத்தது. மற்றவர்களுக்கு அது 25. இந்த எண்ணை மனப்பாடம் செய்துவிடலாம். அந்த எண்ணோடு ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது என்பதற்குப் படிப்பும் பழக்கமும் வேண்டும். அந்தப் படிப்பு இவரிடம் இருக்கிறது என்று மூன்றாம் மனிதர் ஒருவர் சோதித்துச் சொல்வதே சான்று.

சான்று ஒரு முறை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிடக்கூடியதும் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு 75 மணி நேரத் தொடர் கல்வி. அதில் குறைந்தது 45 மணி ஆணையம் அங்கீகரித்த நிகழ்ச்சிகளில் இருக்க வேண்டும். இதைத் தவிர ஆண்டுக் கட்டணமும் உண்டு. இங்கேதான் சங்கம் மறுபடியும் உள்ளே வருகிறது. சோஃபி நடத்தும் ஆய்விதழ்களில் வரும் குறிப்பிட்ட கட்டுரைகளைப் படித்து வினாக்களுக்கு விடை எழுதினால் தொடர் கல்வி மணி கிடைக்கும். மாநாட்டு அமர்வுகளில் உட்கார்ந்தாலும் கிடைக்கும். தேர்வு நடத்துவது ஆணையம். தேர்ந்தவரைத் தேர்ந்தவராகவே வைத்திருக்கும் வேலையில் பெரும்பங்கு சங்கத்துடையது.

சங்கத்தின் அருமை அக்காவுக்கு முழுமையாகத் தெரிந்தது ஒரு மானியம் நின்றபோதுதான். புதுப்பிப்பார்கள் என்று எல்லாரும் நம்பியிருந்த மானியம் நின்றது. அவர் வேலை பார்த்த அமைப்பு இரண்டு வாரத்துக்கு முன்தான் சொன்னது. செஸ் சான்று அப்போது ஒரு காரியம் செய்தது. விண்ணப்பங்களை வடிகட்டும் இடத்தில் அது இல்லாதவர்கள் நின்றுவிட, அவர் உள்ளே போனார். ஆனால் எந்த இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்பதை அவருக்குச் சொன்னது சோஃபியின் மாநிலக் கிளையில் பழகிய ஒரு மூத்த அம்மா. விளம்பரம் வருவதற்கு முன்பே போன் செய்து சொன்னார். நேர்காணலுக்கு முந்தைய நாள், அந்த அலுவலகம் எந்தப் பிரச்சினையில் தவித்துக்கொண்டிருக்கிறது என்பதையும் விளக்கினார். சான்று கதவைத் திறந்தது, சங்கம் கதவு இருக்கும் தெருவைக் காட்டியது என்பார் அக்கா.

கிளைக் கூட்டங்களுக்குப் போகாமல் தேசியச் சங்கத்துக்கு மட்டும் சந்தா கட்டி, மின்னஞ்சலில் வரும் செய்திமடலைத் திறக்காமலே அழிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்குச் சங்கத்தால் பயனில்லை என்று தோன்றுவது இயல்பு. கிளைக்குத் தனிச் சந்தா, சிறிய தொகைதான். அங்கேதான் தொழில் கைமாறுகிறது. ஒரு பள்ளிக்கூடத்தில் பயன்படுத்திய கேள்வித்தாளை இன்னொருவர் வாங்கிக்கொண்டுபோய் ஸ்பானிஷில் மாற்றுகிறார். மசூதியில் தடுப்பூசி முகாம் நடத்தியவர், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு எந்த நேரம் சரிப்படும் என்று சொல்கிறார். புத்தகத்தில் இதெல்லாம் வராது. வந்தாலும் இரண்டு ஆண்டு தாமதமாக வரும்.

இன்னொன்றும் சங்கத்தால் மட்டுமே ஆகும். தலைநகரத்துக்குப் போய்ப் பேசுவது. சுகாதாரக் கல்வி அமைப்புகள் சேர்ந்து வாஷிங்டனில் நடத்தும் கொள்கை மாநாட்டில், உறுப்பினர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து மறுநாள் காங்கிரஸ் உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு அனுப்புவார்கள். அக்கா போனபோது எதிரே உட்கார்ந்தது கல்லூரி முடித்துச் சில ஆண்டுகளே ஆன ஓர் உதவியாளர். சில நிமிட அவகாசம். கையில் ஒரு பக்கத் தாள். இன, இனக்குழுச் சிறுபான்மைச் சமூகங்களின் உடல்நலத்துக்காக 1999-இல் தொடங்கிய 'ரீச்' திட்டத்தின் நிதியை வெட்டக்கூடாது என்பது கோரிக்கை. எண்களை அந்த இளைஞர் ஏற்கெனவே பலரிடம் கேட்டிருந்தார். சாதத்தை அளந்த கதையைச் சொன்னபோதுதான் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அரசு ஊழியர்கள் வேலை நேரத்தில், அரசு செலவில் இப்படிப் போய் வாதாட முடியாது. ஆணையத்தின் முதல் வேலையும் இதுவல்ல. சந்தா கட்டுகிறவர்களின் பணத்தில் நடக்கும் காரியம் இது.

தொழிலின் பெயரை அரசுப் பட்டியலில் ஏற்றியதும் இப்படிப்பட்ட கூட்டு முயற்சிதான். அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாட்டில் ஹெல்த் எஜுகேட்டருக்குத் தனி எண் கிடைத்தது 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில். அதற்கு முன் எத்தனை பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள், என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்று தனியாக எண்ணக்கூட வழியில்லை. எண்ணப்படாத தொழிலுக்குச் சம்பளம் கேட்டு யாரிடம் போவது? 2018 பதிப்பில் பெயர் 'சுகாதாரக் கல்வி வல்லுநர்' என்று மாறியது. அறநெறிக் கோட்பாடும் அமைப்புகள் ஒன்றுகூடி 1999-இல் எழுதியதே.

சான்று பணமாக மாறும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சர்க்கரை நோய்ப் பக்கம் போக வேண்டும். அங்கேயும் இதே இரட்டை அமைப்பு. நீரிழிவுக் கல்வியாளர்களின் சங்கம் 1973-இல் தொடங்கியது. சான்று வாரியம் 1986-இல் தனியாக வந்தது. 2020-இல் சங்கமும் சான்றும் ஒரே சமயத்தில் பெயர் மாற்றிக்கொண்டதால் புதிதாக வருபவர்களுக்கு எது எது என்று குழப்பம். சங்கத்தில் யாரும் சேரலாம். சான்றுக்கோ ஏற்கெனவே ஒரு தொழில் தகுதி இருக்க வேண்டும், இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும், நீரிழிவுக் கல்வி நேரடியாகக் கொடுத்த 1000 மணி நேரம் வேண்டும், பிறகு தேர்வு.

மெடிகேர் என்ற முதியோர் காப்பீடு, நீரிழிவுக் கல்விக்கு முதல் ஆண்டில் 10 மணி நேரம் வரையும், பிறகு ஆண்டுக்கு 2 மணி நேரமும் பணம் தரும். ஆனால் அந்தத் திட்டம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். திட்டக் குழுவில் தகுந்த பயிற்சியுள்ள நர்ஸ், டயட்டீஷியன், பார்மசிஸ்ட் ஆகியோரில் ஒருவராவது, அல்லது அந்த நீரிழிவுச் சான்று பெற்றவராவது இருக்க வேண்டும். வெறும் ஹெல்த் எஜுகேட்டர் மட்டும் நடத்தும் வகுப்புக்கு, அது எவ்வளவு நன்றாக நடந்தாலும், பில் போட முடியாது. அக்கா செஸ்ஸுக்கு அடுத்த நிலையான 'மாஸ்டர்' சான்றை எடுத்தது இதற்காகத்தான். 2011-இல் வந்த அந்த மேல்நிலைச் சான்று, நீரிழிவுச் சான்றுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தகுதிகளில் ஒன்று. நீரிழிவுச் சான்றையும் பெற்ற பிறகு, அவர் வேலை பார்த்த இடத்தில் அவருடைய வகுப்பு மானியம் வரும்வரை காத்திருக்கவில்லை. எத்தனை உறுப்பினர் அட்டை வைத்திருந்தாலும் இது நடந்திருக்காது.

சான்றின் மதிப்பு இவ்வளவு என்பதால்தான் போலிகளும் கிளம்பியிருக்கின்றன. வார இறுதியில் இரண்டு நாள் இணைய வகுப்பு, கடைசியில் 'சர்டிஃபைட்' என்று ஆரம்பிக்கும் நீளமான பட்டம், தங்க முத்திரை. நம் ஊர்ப் பெண்கள் பலர், குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டுவிட்டு மறுபடி தொழிலுக்கு வர நினைக்கும்போது இதில் பணத்தை இழக்கிறார்கள். அப்படி வந்தவர்களிடம் அக்கா கோபப்பட்டதில்லை. விற்றவர்கள் மீதுதான் அவருக்குக் கோபம். வருகிறவர்களிடம் சில விஷயங்களை விசாரிக்கச் சொல்வார். தேர்வு எழுத முன்தகுதி கேட்கிறார்களா? பாடம் நடத்துகிறவரும் தேர்வு நடத்துகிறவரும் ஒரே ஆளா? புதுப்பிக்க வேண்டுமா? தவறு செய்தவரின் சான்றைத் திரும்பப் பெற வழி உண்டா? சான்று தரும் அமைப்பையே சோதிக்கும் அமைப்பும் அங்கே இருக்கிறது. செஸ் அந்த அங்கீகாரத்தை 2008-இல் பெற்றது. உடல்நலப் பயிற்சியாளர் ஆக விரும்புகிறவர்களுக்கும் மருத்துவத் தேர்வு வாரியத்தோடு சேர்ந்து நடத்தப்படும் முறையான தேசியத் தேர்வு 2017 முதல் இருக்கிறது. முறையான வழி இருக்கும்போது தங்க முத்திரைக்கு ஏன் போக வேண்டும்?

இதுவரை சொன்னதெல்லாம் பட்டம் படித்தவர்களின் கதை. அக்காவோடு களத்தில் நடப்பவர்களில் பாதிப் பேருக்குப் பட்டம் இல்லை. சமூகச் சுகாதாரப் பணியாளர்கள். லத்தீன் அமெரிக்கச் சமூகத்தில் அவர்களைப் 'புரொமோத்தோரா' என்பார்கள். அந்தத் தெருவிலேயே பிறந்து, அந்த மொழியிலேயே திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். ஒரு வீட்டுக் கதவு அவர்களுக்குத் திறப்பதுபோல முதுகலைப் பட்டதாரிக்குத் திறக்காது. இவர்களுக்கும் சான்று வேண்டும் என்று டெக்சாஸ் மாநிலம் 1999-இல் சட்டம் கொண்டுவந்தது. பிறகு பல மாநிலங்கள் அந்த வழியில் போயின. சான்று இருந்தால் காப்பீட்டிலிருந்து சம்பளம் கொடுக்கலாம் என்பது ஒரு வாதம். ஆங்கிலத் தேர்வும் கட்டணமும் வைத்தால் ஊர் நம்பிக்கையைச் சம்பாதித்தவர்களே வெளியே நிற்பார்கள் என்பது மறுவாதம்.

இங்கே அக்கா தன் வரிசையைத் திருப்பிப் போடுகிறார். இந்தப் பணியாளர்களுக்கு முதலில் சங்கம், பிறகே சான்று என்பார். அவர்களுக்கென்று தேசியச் சங்கம் 2019-இல்தான் உருவானது. சான்று எப்படி இருக்க வேண்டும், யார் தேர்வுக் கேள்வி எழுத வேண்டும், ஆவணமில்லாத குடியேறி இதில் எங்கே நிற்பார் என்று பேசும் மேசையில் அவர்கள் உட்காராமல் சான்று மட்டும் வந்துவிட்டால், அது அவர்களைக் களையெடுக்கும் கருவியாகிவிடும். பட்டதாரிக் கல்வியாளர்களுக்குச் சங்கம், சான்று ஆணையத்துக்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் முன்னதாகவே இருந்தது. அந்தச் சங்கத்துக்காரர்கள்தான் பெதெஸ்டாவில் உட்கார்ந்து சான்றை வடிவமைத்தார்கள். அந்த வாய்ப்பு இவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். வேலை விளம்பரத்தில் 'செஸ் இருந்தால் நல்லது' என்று எழுதுகிறார்கள். வேலையில் சேர்ந்த பிறகு 'ஓர் ஆண்டுக்குள் எடுத்துவிடுங்கள்' என்கிறார்கள். தேர்வுக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், தொடர் கல்விக்கான செலவு எல்லாம் அந்த ஊழியரின் கையிலிருந்து போகின்றன. இந்தத் துறையில் சம்பளம் நர்ஸுகளோடு ஒப்பிட்டால் குறைவு, பெரும்பாலோர் பெண்கள். சான்றைக் கேட்கிற அலுவலகம் அதன் செலவை ஏற்க வேண்டும் என்று அக்கா தன் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, புதுப்பிப்புக் கட்டணத்தை வாங்கிக்கொடுத்தார். சங்கச் சந்தாவைக் கேட்டபோது அது சொந்த விருப்பம் என்று மறுத்துவிட்டார்கள். மாநாட்டில் கற்ற பாடத்தை அலுவலகத்தில் எல்லாரும் பயன்படுத்தும்போது அது எப்படிச் சொந்த விருப்பமாகும் என்ற அவருடைய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அவரும் ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் கேட்பதை நிறுத்தவில்லை.

எந்தச் சங்கம் என்று கேட்பவர்களுக்கு, வேலை எங்கே என்று பார்க்கச் சொல்வார். பள்ளியில் வேலையென்றால் 1927 முதல் இருக்கும் பள்ளிச் சுகாதாரச் சங்கம். கொள்கை, ஆராய்ச்சி என்று விரிந்த ஆர்வம் இருந்தால் 1872-இல் தொடங்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம். அதற்குள் சுகாதாரக் கல்விக்கென்றே ஒரு பிரிவு உண்டு. மூன்று சங்கத்தில் சேர்ந்து பயோடேட்டாவில் மூன்று வரி ஏற்றுவதைவிட ஒன்றில் சேர்ந்து ஒரு கமிட்டியில் வேலை செய்வது மேல்.

இப்போது அவர் மாநிலக் கிளையில் எடுத்துக்கொண்டிருக்கும் வேலை, செஸ் எழுதப்போகிறவர்களுக்கான படிப்பு வட்டம். உறுப்பினர் இல்லாதவர்களும் வரலாம் என்று கமிட்டியில் வாதாடி அனுமதி வாங்கினார். எடிசன் நூலகத்தின் சிறிய அறை, சனிக்கிழமை காலை. கவுண்டி அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளைஞர், வேலைக்குத் திரும்ப நினைக்கும் கோயம்புத்தூர்ப் பெண், பட்டப்படிப்பை மாலை நேரத்தில் முடித்துக்கொண்டிருக்கும் ஒரு புரொமோத்தோரா ஆகியோர் வருகிறார்கள். அடுத்த வாரம் மதிப்பீடும் ஆராய்ச்சியும் என்ற பகுதி. அவரவர் வேலையில் உண்மையிலேயே பயன்படுத்திய கேள்வித்தாள் ஒன்றையும், அதற்கு வந்த விடைகளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.